ஷாஷாவின் சாட்சிகள்

துப்பறியும் கதை விரும்பும் நண்பர்களுக்கு இத்தாலிய எழுத்தாளர் லியோனார்டோ ஷாஷாவின் நாவலைக் கொடுத்தால், முடித்துவிட்டுக் கோபத்தோடு திருப்பித் தருகிறார்கள். கொலை செய்தது யார் என்று தெரிந்துவிடுகிறது, ஆனால் ஒன்றும் நடப்பதில்லை. எனக்கு அவரைப் பிடித்ததே அதனால்தான். குற்றவியல் நீதிமன்றத்தில் பெஞ்ச் கிளார்க்காக இருந்தவள் நான். ஸ்டேஷனில் எல்லாம் பார்த்தேன் என்றவர், கூண்டில் ஏறியதும் ‘எனக்கு ஒண்ணும் தெரியாதுங்கய்யா’ என்பதை நிறையக் கேட்டிருக்கிறேன்.

1961இல் வந்த ‘ஆந்தையின் நாள்’ அங்கேதான் தொடங்குகிறது. சிசிலியில் ஒரு சிற்றூர், விடியற்காலை. கிளம்பப்போகும் பஸ்ஸில் ஓடிவந்து ஏறப்போனவரைச் சுட்டுவிடுகிறார்கள். போலீஸ் வந்ததும் பயணிகள் ஒவ்வொருவராக நழுவுகிறார்கள். வண்டிக்குள் யார் யார் இருந்தார்கள் என்று டிரைவருக்கு நினைவில்லை. அருகில் கடலைமாவுப் பலகாரம் விற்றவரைத் தேடிப் பிடித்துக் கேட்டால், ‘ஏன், யாராவது சுட்டார்களா?’ என்கிறார். வடக்கே பார்மாவிலிருந்து வந்த காப்டன் பெல்லோதி, கட்டுமான ஒப்பந்தங்களின் பின்னால் இருக்கும் மாஃபியா வரை சரியாகவே போய்ச் சேருகிறார். பிறகு கௌரவமான ஆட்கள் பொய்ச்சாட்சி சொல்ல, இன்னொரு கொலை கள்ளக்காதல் தகராறாகிவிட, வழக்கு கலைகிறது. மாஃபியா என்று ஒன்று இருப்பதையே அரசு ஒப்புக்கொள்ளத் தயங்கிய காலம் அது. சட்டச் சிக்கலுக்கு அஞ்சி, கதையைச் சுருக்கவே ஒரு வருஷம் ஆனதாக ஷாஷாவே பின்குறிப்பில் எழுதியிருக்கிறார்.

அரசியல் எழுத்துக்கு வந்தபோதும் அவர் ஆள் மாறவில்லை. 1978 மார்ச் 16இல் இத்தாலியின் முன்னாள் பிரதமர் ஆல்டோ மோரோவை ரெட் பிரிகேட் என்ற இடதுசாரித் தீவிரவாதக் குழு கடத்தியது. அவருடைய ஐந்து காவலர்கள் கொல்லப்பட்டார்கள். 55 நாள் கழித்து மோரோவின் உடல் ஒரு ரெனோ காரின் டிக்கியில் கிடைத்தது. சிறையிருந்த இடத்திலிருந்து அவர் எழுதிய கடிதங்களை, ‘இது அவர் எழுத்தே இல்லை, மிரட்டி எழுத வைத்தது’ என்று சொந்தக் கட்சிக்காரர்களே ஒதுக்கினார்கள். அதே வருஷம் வந்த ‘மோரோ விவகாரம்’ நூலில், ஷாஷா அந்தக் கடிதங்களை வாக்குமூலமாக எடுத்துக்கொண்டு வரிவரியாகப் படிக்கிறார். சாகப்போகிற மனிதரைப் பிறழ்சாட்சியாக்கியதை அவரால் பொறுக்க முடியவில்லை. படித்தபோது எனக்கும் முடியவில்லை.

1979இல் ராடிக்கல் கட்சி சார்பில் நாடாளுமன்றம் போய், மோரோ விசாரணைக் குழுவில் உட்கார்ந்து, தனி அறிக்கையே எழுதினார். ரோமில் கிராதோலி வீதியில் ஒரு வீட்டுக் கதவை, கடத்தல் நடந்து இரண்டே நாளில், மார்ச் 18இல் போலீஸ் தட்டியது. யாரும் திறக்கவில்லை. அங்கே குடியிருப்பவர்களைப் பற்றி அக்கம்பக்கத்தார் நல்ல மாதிரியாகச் சொல்ல, திரும்பிவிட்டார்கள். ஏப்ரல் 18இல் தண்ணீர் ஒழுகியதால்தான் அது ரெட் பிரிகேட்டின் மறைவிடம் என்று தெரிந்தது. ஷாஷா அந்தக் கதவை விடுவதாக இல்லை.

நூலகத்தில் ஒன்று கிரைம் வரிசையிலும் மற்றது அரசியல் வரிசையிலும் கிடக்கும். இரண்டுக்கும் ஆங்கில மொழிபெயர்ப்பு இருக்கிறது. சேர்த்தே எடுத்து வாருங்கள், முதலில் ஆந்தை, அடுத்து மோரோ.