பைன் எங்கே தொடங்குகிறது: ஹிஸ்பானியோலா மலைக் குறிப்புகள்

ஜனவரி 12, லா சியெனாகா

கரீபியக் கடலின் ஹிஸ்பானியோலா தீவு, டொமினிக்கன் குடியரசின் மத்திய மலைத்தொடர். இங்கு தானாக வளரும் பைன் ஒன்றே ஒன்றுதான்: பைனஸ் ஆக்சிடென்டாலிஸ். இந்தத் தீவைத் தவிர வேறெங்கும் இயற்கையில் கிடையாது. ஏறத்தாழ 200 மீட்டரிலிருந்து 3,098 மீட்டர் பிகோ துவார்த்தே சிகரம் வரை நிற்கிறது. ஆகவே உயரத்தை மட்டும் பார்த்து பைன் காட்டுக்கு எல்லை போட முடியாது.

ஜனவரி 13

ஈரமான கீழ்ச்சரிவு. மனாக்லா பனை, புருனெல்லியா மரம், மரப்பெரணி. நடுநடுவே கிழட்டுப் பைன்கள். அடியில் பைன் நாற்று ஒன்றுகூட இல்லை. அதற்கு வெயிலும் வெறும் மண்ணும் வேண்டும். இவை பழைய தீயோ மண்சரிவோ விட்டுச்சென்ற மிச்சம்.

ஜனவரி 15, சுமார் 2,200 மீ

அகன்ற இலை மேகக்காடு சில மீட்டருக்குள் முடிந்து, பைன் மட்டுமே உள்ள காடு தொடங்குகிறது. வணிகக் காற்றின் மேகம் ஏறக்குறைய இந்த உயரத்தோடு நின்றுவிடும். அதற்கு மேலே வறண்ட மாதங்களில் ஊசிச்சருகு மொறமொறவென்று காய்கிறது. மேலிருந்து இறங்கும் தீ மேகக்காட்டின் நனைந்த சருகைத் தொட்டதும் அணைகிறது. கோடு கிழிப்பது தீதான். மனிதர் இந்தத் தீவுக்கு வருவதற்கு முற்பட்ட கரித்துண்டுகளும் இம்மலை மண்ணில் கிடைத்திருக்கின்றன. ஆகவே தீயின் எல்லாப் பழியையும் காடழித்து உழுபவர் தலையில் போடுவது சரியல்ல.

ஜனவரி 16, லா கொம்பார்த்திசியோன்

வட்டக் கணக்கெடுப்பு (வட்டம் போட்டு அதற்குள் உள்ள மரங்களை எண்ணுவது): 0.05 ஹெக்டேருக்கு ஆரம் 12.62 மீ. இது கிடைமட்ட அளவு. 25 பாகைச் சரிவில் நாடாவை மேலும் கீழும் 13.92 மீட்டருக்கு இழுக்க வேண்டும், குறுக்கே 12.62 போதும். திருத்தாமல் விட்டால் பரப்பு குறைந்து, மர அடர்த்தியும் குறைவாகவே வரும்.

சுற்றளவு, மரத்தின் மேட்டுப்பக்கத் தரையிலிருந்து 1.3 மீட்டரில். தொல்லை என்னவென்றால், தீவடுவும் பெரும்பாலும் அதே பக்கம்தான்: உருண்டுவரும் சருகும் கூம்பும் அங்கே தேங்கி நெடுநேரம் கனலும். நாடா வடுவின் மேல் விழுந்தால் வடு முடியும் இடத்துக்கு மேலே அளந்து, அந்த உயரத்தையும் எழுதவும்.

எல்லா வடுவும் தீவடு அல்ல. அடுப்பு மூட்டும் பிசின் சிராய்க்காக (இங்கே ‘குவாபா’) உயிர்மரத்தின் அடியைக் கோடரியால் கொத்துவார்கள். தீவடு அடியில் அகன்று மேலே கூம்பும். விளிம்பில் பட்டை சுருண்டு மூடும். கோடரி வெட்டுக்கு அடியில் தட்டையான படி இருக்கும். அந்தப் படியில் வடிந்து தேங்கும் பிசினில் அடுத்த தீ பற்றி இரண்டும் ஒன்றாகிவிடும். அப்போது விரலால் தடவித் தட்டையைத் தேடுவதே வழி.

ஜனவரி 17

தரைத்தளம். பஹோன் புல் (டாந்தோனியா டொமிங்கென்சிஸ்) குத்துக்குத்தாக. 1×1 மீ சட்டத்தை மேலிருந்து பார்த்தால் புல் தரையை மூடும் அளவு ஐந்தாம் தரம், அதாவது 75 சதவீதத்துக்கு மேல். தாள்களை விலக்கித் தூரை மட்டும் பார்த்தால் தரம் சட்டென்று இறங்கும். இரண்டையும் தனித்தனியே குறிக்கவும். நாற்றுக்குக் கிடைக்கும் இடத்தைச் சொல்வது தூர் அளவே.

புதர்களில் கார்யா, லயோனியா, பாக்காரிஸ். கருகிய பழைய தண்டைச் சுற்றிப் புதுத்துளிர் இருந்தால் அது தீயில் பிழைத்த செடி. ஒற்றைத் தண்டாக இருந்தால் விதை முளைத்திருக்க வாய்ப்பு அதிகம். பைனுக்குத் தூரிலிருந்து துளிர்க்கும் வித்தை கிடையாது. தடித்த பட்டையும் விதையுமே அதன் கைமுதல்.

கிளைகளில் குட்டைப் புல்லுருவி, ஆர்சியூத்தோபியம் பைகாரினேட்டம். இலை கிடையாது, வீங்கிய கிளையில் விரல்நீளக் குச்சிகளாய்த் துருத்தும். நம் வேப்பமரப் புல்லுருவியைத் தேடும் கண்ணுக்கு இது தப்பிவிடும்.

ஜனவரி 19, பாவோ பள்ளத்தாக்கு

உயரம் 1,800 மீட்டர்தான். ஆனாலும் நடுவில் மரமே இல்லாத புல்வெளி. இரவில் குளிர்காற்று வழிந்து பள்ளத்தில் தேங்குகிறது, உறைபனி விழுகிறது. பைன் விளிம்போடு நிற்கிறது.

ஜனவரி 26, பாஹோருகோ (தென்மேற்கு மலைத்தொடர்)

சுண்ணாம்புப் பாறை, குழிகளில் பாக்சைட் சிவப்பு மண். அதே பைன், வேறு கூட்டம்: கற்றாழை போன்ற அகேவும் விசிறிப்பனையும். சருகு ஆழத்தை அளக்கும் கம்பி பாறை இடுக்கில் இறங்கிப் பொய்யளவு காட்டும்; ஒவ்வொரு சட்டத்திலும் 5 இடத்தில் குத்தி, நடு மதிப்பை எடுக்கவும்.