எல்டர்பெரி ஜாம் காய்ச்சுகிறவர்களுக்கு

இங்கிலாந்தில் செப்டம்பர் வந்தால் வேலியோரமெல்லாம் எல்டர்பெரி என்ற சின்னப் பழம் கறுகறுவெனத் தொங்கும். காசு செலவில்லை, வேலைதான் அதிகம். கொத்தோடு ஃப்ரீசரில் ஓர் இரவு வைத்துவிட்டால் மறுநாள் உலுக்கினாலே பழம் உதிரும். இல்லையென்றால் முள்கரண்டியால் சீவி எடுக்க வேண்டும். தண்ணீரில் போட்டதும் மிதக்கிற பச்சைக்காய், சருகு எல்லாவற்றையும் அள்ளி எறியுங்கள். காம்பிலும் இலையிலும் சயனைடு உண்டாக்கும் பொருள் இருக்கிறது. பழத்தையும் பச்சையாகத் தின்னக் கூடாது, வயிற்றைப் புரட்டிவிடும். நன்றாகக் கொதிக்கட்டும்.

ஜாமை இறுக வைக்கும் பெக்டின் இந்தப் பழத்தில் குறைவு என்பதால் தனியாகக் காய்ச்சினால் இறுகாது. பாதிக்குப் பாதி ஆப்பிள் சேர்க்க வேண்டும், எலுமிச்சையும் தாராளமாகப் பிழிய வேண்டும். புளிப்பு போதாத பழத்தைப் பாட்டிலில் அடைத்தால் கெடாமல் இருக்கும் என்று நான் நம்ப மாட்டேன். சளிக்கு மருந்து என்று ஆளாளுக்குச் சொல்கிறார்கள். இருக்கட்டும், எனக்கு அது தோசைக்கு நன்றாக இருக்கிறது. அப்புறம், காய்ச்சும்போது வெள்ளைச் சட்டை போடாதீர்கள். கறை போகவே போகாது.