கழற்ற முடியாத உடல்

சூப்பர் ஹீரோக்களில் பெரும்பாலோருக்கு வீடு திரும்பும் வசதி இருக்கிறது. முகமூடியைக் கழற்றினால் ஸ்பைடர்மேன் பீட்டர் பார்க்கராகிவிடுகிறான். கண்ணாடியை மாட்டிக்கொண்டால் சூப்பர்மேன் பத்திரிகை அலுவலகத்தில் ஒரு சாதாரண நிருபர். இந்த வசதி வாய்க்காத நாயகர்களின் காமிக்ஸ்களைத்தான் நான் திரும்பத் திரும்ப எடுத்துப் படிக்கிறேன். உருவத்தைக் கண்டே ஊர் அலறி ஓடும் ஒருவன் நாயகனாகும்போது, அவனுடைய சாகசங்களைவிட, அந்த உடலோடு அவன் ஒரு தெருவைக் கடந்து போவதே பெரிய கதையாகிவிடுகிறது. 'வெளியே அரக்கன், உள்ளே நல்ல மனம்' என்ற வழக்கமான விளக்கம் எனக்குப் போதுவதில்லை. நல்ல மனம் சூப்பர்மேனுக்கும்தான் இருக்கிறது.

அமெரிக்க காமிக்ஸில் இவர்கள் தலையெடுத்த விதமே சுவையானது. 1954 இல் அமெரிக்க செனட்டின் துணைக்குழு ஒன்று காமிக்ஸ் இதழ்களை விசாரித்ததைத் தொடர்ந்து, பதிப்பாளர்களே 'காமிக்ஸ் கோட்' என்ற தணிக்கை விதிகளை வகுத்துக்கொண்டார்கள். நடமாடும் பிணங்கள், இரத்தக் காட்டேரிகள், ஓநாய் மனிதர்கள் ஆகியோருக்கு அதன்பின் அச்சில் இடமில்லை. விண்வெளியிலிருந்து வந்திறங்கும் பூதங்களைப் பற்றி மட்டும் விதிகள் வாய் திறக்கவில்லை. அந்தச் சந்தில் புகுந்து, ஐம்பதுகளின் இறுதியில் ஓவியர் ஜேக் கிர்பி ராட்சதர்களை வரைந்து தள்ளினார். (இன்று எல்லோரும் கொஞ்சும் மரமனிதன் குரூட், 1960 இல் ஓர் ஊரையே தன் கிரகத்துக்குப் பெயர்த்துக்கொண்டு போக வந்த வில்லனாகத்தான் அறிமுகமானான்.) 1961 இல் எழுத்தாளர் ஸ்டான் லீயோடு சேர்ந்து அதே கிர்பி 'ஃபென்டாஸ்டிக் ஃபோர்' முதல் இதழை உருவாக்கியபோது, ராட்சதர்களில் ஒருவன் நாயகர்களின் அணிக்கே வந்துவிட்டான்.

அவன்தான் 'திங்' என்று அழைக்கப்படும் பென் கிரிம். அணியின் நால்வரும் போன விண்கலத்தில் விண்வெளிக் கதிர்கள் எல்லோரையும் தாக்கின என்றாலும், மற்ற மூவரும் நினைத்த நேரத்தில் பழைய உருவத்துக்குத் திரும்பிவிட, கலத்தை ஓட்டிய பென் மட்டும் செம்மஞ்சள் பாறை உடலுக்குள் மாட்டிக்கொள்கிறான். 1966 இல் வந்த 51 ஆம் இதழின் முதல் பக்கம் முழுவதையும் ஒரே ஓவியம் நிரப்புகிறது. கொட்டும் மழையில் அவன் தனியாக நிற்கிறான்; பாறை இடுக்குகளில் தண்ணீர் வழிகிறது; எதிரியுமில்லை, சண்டையுமில்லை. அக்கதையில் ஒரு விஞ்ஞானி அவனுடைய உருவத்தைத் திருடிக்கொள்ள, பென் மறுபடியும் மனிதனாகி, கண் தெரியாத சிற்பியான தன் காதலி அலிசியாவைத் தேடிப் போகிறான். அவளுடைய வாசலை அடையும் நேரத்தில் பாறை உடல் திரும்பிவிடுகிறது. அவளுக்கோ அந்த உடல் ஒருபோதும் குறையாகப் பட்டதில்லை. கதவைத் தட்ட விடாமல் தடுப்பது அவனுடைய கூச்சம்தான். இந்த முடிச்சுக்காகவே, பல ஆண்டுகளாக அவனுடைய வசனங்களில் வந்து விழும் மலிவான நகைச்சுவையையும் பொறுத்துக்கொள்கிறேன்.

ஹல்க்கையும் இந்த வரிசையில் சேர்ப்பது வழக்கம். கிழிந்த கால்சட்டையோடு என்றாலும் ப்ரூஸ் பானர் என்ற மனிதனாக அவன் திரும்பிவிடுகிறான் என்பதால், எனக்கு அவன் இரண்டாம் பட்சம்தான்.

இந்தத் தர்க்கத்தை அதன் கடைசி எல்லைவரை கொண்டுபோனது 'ஸ்வாம்ப் திங்'. 1971 இல் எழுத்தாளர் லென் வீனும் ஓவியர் பெர்னி ரைட்சனும் படைத்த இந்தப் பாத்திரம், 1972 இல் தனி இதழ் பெற்றபோது, ஆய்வுக்கூட வெடிவிபத்தில் எரிந்தபடி லூசியானா சதுப்பில் விழுந்து, செடிகொடிகளாலான உடலோடு எழுந்த ஆலெக் ஹாலண்ட் என்ற விஞ்ஞானியாக இருந்தது. மறுபடி மனிதனாவதே அவனுடைய ஒரே ஆசை. 1984 இல், தொடரை எழுத வந்த ஆலன் மூர் தம்முடைய இரண்டாவது இதழிலேயே அந்த ஆசையை வேரோடு பிடுங்கினார். ஸ்வாம்ப் திங்கின் உறைந்துபோன உடலை அறுத்துப் பார்க்கும் உட்ரூ என்ற விஞ்ஞானி, நுரையீரல் போல இருந்தும் மூச்சு விட முடியாத ஒன்றையும், இன்னும் பல போலி உறுப்புகளையும் உள்ளே காண்கிறான். ஹாலண்ட் அந்த வெடிவிபத்தன்றே இறந்துவிட்டான். அவனுடைய எச்சங்களைத் தின்ற தாவரங்கள் தங்களையே ஹாலண்ட் என்று நம்பிக்கொண்டிருந்தன. சாபம் நீங்கினால் உள்ளிருந்து வெளிவர அழகான இளவரசன் எவனும் இல்லை. மூன்றாவது வாசிப்பிலும் அந்தப் பக்கத்தில் எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

காதலும் அதன்பின் மனித இலக்கணப்படி நடப்பதில்லை. 34 ஆம் இதழில் அவனுடைய உடலில் விளைந்த கிழங்கை அவனுடைய காதலி ஏபி உண்கிறாள். ஸ்டீபன் பிசெட்டும் ஜான் டோட்டில்பெனும் வரைந்த பக்கங்களில் கட்டங்கள் குலைந்து வேர்களாகவும் கொடிகளாகவும் படர்கின்றன. பின்னர் இந்த உறவுக்காகவே அவள்மீது வழக்குப் போட்டு, கோதம் நகரில் சிறை வைக்கிறார்கள். அவனோ நகரத்தையே காடாக்கி முற்றுகையிடுகிறான். அவளை விடுவிக்கும்படி மேயரிடம் வாதாடும் பேட்மேன், மனிதரல்லாதவரைக் காதலிப்பது குற்றமென்றால் வேறு சில நாயகர்களின் துணைகளையும் கைது செய்ய வேண்டியிருக்குமே என்று அடுக்கி, கடைசியில் மெட்ரோபோலிஸில் இருப்பவரைப் பற்றி நாசூக்காக இழுக்கிறார். சூப்பர்மேனும் வேற்றுக் கிரகத்து ஆள்தான். தாடையும் தலைமுடியும் ஒழுங்காக அமைந்திருப்பதால் யாரும் அவரை அரக்கன் என்பதில்லை.

2011 இல், ஸ்வாம்ப் திங்கை வெளியிடும் டிசி நிறுவனம் ஆலெக் ஹாலண்டையே உயிரோடு எழுப்பி, மறுபடியும் அவரையே ஸ்வாம்ப் திங்காக ஆக்கியது. புதிய தொடரின் முதல் கதைகளை ஸ்காட் ஸ்னைடர் திறமையாகவே எழுதினார். என் கணக்கில் அது பின்வாங்கல்தான். உள்ளே ஒரு மனிதன் மிச்சமிருக்கிறான் என்ற உத்தரவாதம் இல்லாமல் ஓர் அரக்கனை நேசிக்க முடியும் என்று வாசகர்கள் 1984 இலேயே காட்டியிருந்தார்கள். அந்த உத்தரவாதம் பதிப்பாளர்களுக்குத்தான் மறுபடியும் தேவைப்பட்டது.