ஏழு நாள் என்றால் எந்த ஏழு நாள்?

அமெரிக்காவில் வீடு வாங்கப் போகும் நண்பர்கள் ஒப்பந்தத்தைக் காட்டினால், நான் விலையைப் பார்ப்பதற்கு முன் இன்ஸ்பெக்‌ஷன் கண்டின்ஜென்சியைத்தான் தேடுவேன். வீட்டைப் பரிசோதித்துப் பார்த்து, சரிவராவிட்டால் கொடுத்த முன்பணத்தைத் திரும்பப் பெற்று விலகிக்கொள்ள வழி தருகிற பிரிவு அது.

எங்கள் முதல் வீட்டு ஒப்பந்தத்தில் 'பரிசோதனை ஏழு நாளில் முடிய வேண்டும், அதற்குள் எதுவும் சொல்லாவிட்டால் வாங்குபவர் வீட்டை ஏற்றுக்கொண்டதாகப் பொருள்' என்று மட்டும் இருந்தது. நாங்கள் சனி, ஞாயிறை விட்டுவிட்டு எண்ணினோம். விற்பவர் தரப்பு எல்லா நாளையும் சேர்த்து எண்ணியது.

ஐந்தாம் நாள் வந்த இன்ஸ்பெக்டர் கூரை, வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் எல்லாம் பார்த்துவிட்டு, "வாசலில் இவ்வளவு பெரிய மரம் நிற்கிறது, கழிவுநீர்க் குழாய்க்குள் கேமரா விட்டுப் பாருங்கள்" என்றார். அது அவர் வேலையில் சேராது, தனி ஆள் வர வேண்டும். அந்த ஆள் வந்தது எட்டாம் நாள். சின்னத் திரையில் பழைய மண் குழாய் தெரிந்தது. ஓர் இணைப்பில் வேர் உள்ளே புகுந்து, சிக்குப் பிடித்த தலைமுடி மாதிரி குழாயை அடைத்துக்கொண்டிருந்தது. கேமரா அதற்கு மேல் போகவில்லை. என் மனைவி திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். கெடு முந்தின நாளே முடிந்துவிட்டது என்றது விற்பவர் தரப்பு. முன்பணத்தை விட மனசில்லாமல் வீட்டை வாங்கி, முன்புறத்தை எங்கள் செலவில் தோண்டினோம்.

இப்போது யார் கேட்டாலும் இப்படி எழுதச் சொல்கிறேன்: கடைசிக் கையெழுத்து விழுந்த நாளுக்கு மறுநாள் தொடங்கி, விடுமுறை உட்பட 10 காலண்டர் நாட்கள், பத்தாம் நாள் மாலை 5 மணி வரை. மண்ணிலிருந்து வீட்டுக்குள் கசியும் கதிரியக்க வாயுவான ரேடானைச் சோதிக்கவே ஜன்னல்களைச் சாத்தி வைத்துக் குறைந்தது 48 மணி நேரம் வேண்டும். 1978க்கு முன் கட்டிய வீடு என்றால், ஈயப் பெயிண்ட் சோதனைக்கு மத்தியச் சட்டமே 10 நாள் தருகிறது, இரு தரப்பும் வேறு மாதிரி ஒத்துக்கொள்ளாத வரை.

அப்புறம், 'பொதுப் பரிசோதனை' என்று மட்டும் எழுதாதீர்கள். கழிவுநீர்க் குழாய், ரேடான், கரையான், பூஞ்சை என்று வாங்குபவர் விரும்பும் எந்தச் சோதனையும் அடங்கும் என்று இருக்கட்டும். 'பெரிய குறை இருந்தால்' என்ற சொல்லும் ஆபத்து. எது பெரிது என்று யார் சொல்வது? 'வாங்குபவரின் முடிவே இறுதி' என்று இருப்பதுதான் பலம். சில ஒப்பந்தங்களில் விற்பவர் பழுதைச் சரிசெய்து தர முன்வந்தால் நாம் விலகவே முடியாது. அதை நிதானமாகப் படியுங்கள்.

பேசாமல் இருந்தால் என்ன ஆகும் என்பது ஊருக்கு ஊர் மாறும். கலிஃபோர்னியாவில் வழக்கமாகப் பயன்படுத்தும் படிவத்தில், நாம் எழுதிக் கொடுத்தால்தான் கண்டின்ஜென்சி, அதாவது நம் விலகும் உரிமை, நீங்கும். எங்களுடையதைப் போன்ற ஒப்பந்தங்களில் மௌனமே சம்மதம். போன வாரம் ஒரு நண்பரின் படிவத்தில் கெடு தேதிக்கான கட்டம் காலியாகவே இருந்தது. கையெழுத்துப் போடாமல் அப்படியே திருப்பி அனுப்பச் சொன்னேன்.