தைல மரத்துச் சாயம்

28 மார்ச் 2024, வியாழன்

நாளை புனித வெள்ளி விடுமுறை, அதனால் அலுவலக வேலையில் இன்றே கடைசி நாள். லேப்டாப், அடையாள அட்டை எல்லாம் ஒப்படைத்தாயிற்று. கிராஜுவிட்டி, அதாவது பணிக்கொடைக் கணக்கு வந்துவிட்டது. கடைசி அடிப்படைச் சம்பளத்தை (அகவிலைப்படி இருந்தால் அதையும் சேர்த்து) 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, அதை வேலை பார்த்த வருடங்களால் பெருக்குவார்கள். கம்பளி நூலுக்கு இலைச் சாயம் போடும் தொழிலைத் தொடங்கப் போகிறேன், அந்தப் பணம்தான் அதற்கு முதல். வீட்டுச் செலவுக்கு வைத்திருக்கும் சேமிப்பு வேறு. அது தீர்ந்தாலும் இதைத் தொட மாட்டேன், இது தீர்ந்தாலும் அதைத் தொட மாட்டேன்.

ராத்திரி பஸ்ஸில் வத்தலக்குண்டு, அங்கிருந்து கொடைக்கானல்.

9 ஏப்ரல், செவ்வாய்

ஆனந்தகிரியில் அம்மா வீட்டுப் பின்கட்டுதான் இனி பட்டறை. இரண்டு கேஸ் அடுப்பு, பெரிய எவர்சில்வர் அண்டா, ஒரு தெர்மாமீட்டர். "சமையல் பாத்திரத்தை மட்டும் தொடாத தாயி" என்று அம்மா சொல்லிவிட்டார். சரிதான், சாயத்துக்கு எடுத்த பாத்திரத்தில் மறுபடி சமைக்கக் கூடாது.

இலை, பக்கத்துப் பட்டா நிலத்தில் நிற்கும் தைல மரத்திலிருந்து விழுந்தது. இங்கே சுற்றிலும் உள்ள காடு 2013 முதல் வனவிலங்குச் சரணாலயம், அதற்குள் போய் இலை பொறுக்குகிற வேலை வேண்டாம். ஆங்கிலேயர் காலத்தில் வந்து, பிறகு மலைப் புல்வெளிகளை மூடிய மரம் இது. அதன் இலைக்கு ஒரு பயன் கிடைப்பதில் எனக்குத் தனி சந்தோஷம்.

முதல் நாள் ராத்திரியே இலையை நறுக்கி ஊறப்போட்டேன். கம்பளி நூலை வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்து, 100 கிராம் நூலுக்கு 12 கிராம் படிகாரம் என்ற கணக்கில் ஒரு மணி நேரம் மெல்லச் சூடாக்கினேன். படிகாரம் பிடித்தால்தான் நிறம் கெட்டியாக நிற்கும். கம்பளிக்குத் திடீர் சூடும் ஆகாது, திடீர் குளிரும் ஆகாது. கொதிக்கிற தண்ணீரில் போட்டுக் கிளறினால் இழைகள் ஒன்றோடொன்று பின்னிச் சுருங்கிவிடும், பிறகு பிரிக்கவே முடியாது. அதனால் அடுப்பு சிம்மிலேயே இருக்கும், கரண்டி சும்மா இருக்கும்.

இன்னொன்று. கொடைக்கானல் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே தண்ணீர் 93 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும். சமவெளியில் பயிற்சி வகுப்பில் எழுதி வந்த நேரக் கணக்கு இங்கே செல்லாது. இலையைக் கூடுதல் நேரம் விட்டேன். முதலில் வெளிர் மஞ்சள், நேரம் ஆக ஆகத் தேன் நிறம், சாயங்காலம் நல்ல பழுப்பு. துருப்பிடித்த ஆணிகளை வினிகரில் ஊறவைத்த தண்ணீரை ஒரு நூல் கண்டில் மட்டும் கலந்தேன். கொஞ்ச நேரத்தில் அது பாசி படிந்த பாறை நிறத்துக்கு மாறிவிட்டது. கையில் பிடித்துக்கொண்டே நின்றேன். இதற்காகத்தான் வந்தேன்.

21 ஏப்ரல், ஞாயிறு

மன்னவனூர் போய் வந்தேன். மத்திய செம்மறி ஆடு மற்றும் ரோம ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல மையம் 1965 முதல் அங்கே இருக்கிறது. பாரத் மெரினோ ஆடுகள் அந்தப் புல்வெளியில் மேய்வதைச் சின்ன வயதில் பார்த்ததோடு சரி. நான் இப்போது வாங்குகிற நூல் லூதியானாவிலிருந்து வருகிறது. பக்கத்து மலையிலேயே ரோமம் வளரும்போது இது எனக்கு உறுத்துகிறது. ஆடு வளர்க்கும் ஒரு பெரியவர், "வெட்டுன ரோமத்தக் கழுவி, சிக்கெடுத்து, நூக்கறதுக்கு ஆள் யாரும்மா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஒரு மூட்டை மட்டும் பேசி வைத்திருக்கிறேன். தக்ளியில் நான் நூற்றுப் பார்க்கப் போகிறேன்.

7 மே, செவ்வாய்

இன்றிலிருந்து நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டிகள் வர இ-பாஸ், அதாவது இணையத்தில் எடுக்கும் அனுமதிச் சீட்டு, கட்டாயம். கடைக்காரர்களுக்கு சீசன் போய்விடுமோ என்ற பயம். எனக்கு இதில் தெளிவான கருத்து உண்டு: மலை தாங்குகிற அளவு தெரியாமல் வண்டிகளை விட முடியாது. ஆனால் ஏரிக்கரையில் ஸ்வெட்டர் விற்கிற அக்காவுக்கு இந்த இரண்டு மாதம்தான் வருட வருமானம். அவர் கவலைப்படுவதிலும் நியாயம் இருக்கிறது.

26 மே, ஞாயிறு

இன்று முழுக்க விலைதான் யோசனை. ஒரு மஃப்ளருக்கு நூல் 350 ரூபாய். படிகாரம், கேஸ் 60. பின்னிக் கொடுக்கும் செல்வி அக்காவுக்கு 600. ஆயிரத்து பத்து ஆகிவிட்டது, சாயம் போடுகிற என் கூலி இன்னும் சேரவில்லை. ஏரிக்கரையில் அக்ரிலிக் மஃப்ளர் 200 ரூபாய்க்குக் கிடைக்கிறது.

"ஒங்கூலியக் கொறச்சுக்கோ, யாவாரம் ஓடும்" என்கிறார் சித்தி. நான் ஒத்துக்கொள்ளவில்லை. அலுவலகத்தில் என் ஒரு மணி நேரத்துக்கு என்ன விலை என்று யாரோ போட்டார்கள், நான் வாங்கிக்கொண்டேன். இங்கே அதைப் போடுகிற ஆள் நான்தான். ஆசையாகச் செய்கிற வேலை என்பதால் கூலி வேண்டாம் என்றால், அடுத்த வருடம் இந்த அடுப்பு எரியாது. அக்காவின் கூலியை மட்டும் கணக்கில் எழுதி என் கூலியை விடுவதும் சரியான கணக்கு இல்லை. விலை 1,600. அட்டையில் நூல், சாயம், பின்னியவர் பெயர் மூன்றையும் எழுதுகிறேன்.

12 ஜூன், புதன்

சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவு முடிந்தது. ஆதாரும் பானும் போதும், கட்டணம் கிடையாது. இதற்கு ஒருவர் இரண்டாயிரம் கேட்டார்! பொருள் விற்கிறவருக்கு ஆண்டு விற்பனை 40 லட்சம் தாண்டும் வரை தமிழ்நாட்டுக்குள் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம் இல்லை. வெளிமாநிலத்துக்கு அனுப்பும்போது விதி வேறு, அதை ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளலாம்.

இந்த வருட விதிப்படி, வேலை விட்டு இரண்டு மாதம் ஆகிவிட்டதால் பி.எஃப். பணத்தை எடுக்கலாம். எடுக்கவில்லை. அது அறுபது வயதுக்கான பணம்.

3 ஜூலை, புதன்

சாரல் விடவே இல்லை. நூல் காய இரண்டு நாள் பிடிக்கிறது.

ஒரு ரிசார்ட்டிலிருந்து ஆர்டர் கேட்டு வந்தார்கள். 60 மஃப்ளர், எல்லாம் ஒரே நிறம், மூன்று வாரம், விலை 900. நிறம் முடியாது என்று அப்போதே சொன்னேன். ஒரு அண்டாவில் போட்டது ஒரு நிறம். அடுத்த அண்டாவில் இலை வேறு, மழைக்காலத்து இலை வேறு, நிறமும் கொஞ்சம் தள்ளித்தான் நிற்கும். ஒரே நிறம் வேண்டுமென்றால் பாக்கெட் சாயம் இருக்கிறது, அதற்கு நான் தேவையில்லை.

மேனேஜர் தம்பி யோசித்தார். நூல் கண்டுகளை மேஜையில் வரிசையாக வைத்துக் காட்டினேன். தேன், பழுப்பு, பாசி. ரொம்ப நேரம் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். அப்புறம் பேசினோம். 24 மஃப்ளர், மூன்று அண்டா, ஒவ்வொன்றிலும் எட்டு. விலை 1,500, அதற்குக் கீழே இறங்கவில்லை. பாதி முன்பணம், மிச்சம் சரக்கு கொடுக்கும்போது, ஆகஸ்ட் கடைசி வரை நேரம். எழுதிக் கையெழுத்தும் வாங்கியாயிற்று.

செல்வி அக்காவிடம் சொன்னதும், தங்கச்சிக்கும் பின்னத் தெரியும், அழைத்து வரட்டுமா என்றார். நாளைக் காலை இரண்டு பேரும் வருகிறார்கள்.