எரிகுழம்பு நின்ற இடங்கள்

"கதவைப் பிடிடி!" என்று அக்கா கத்தியபோது நான் ஒரு காலைத்தான் வேனுக்கு வெளியே வைத்திருந்தேன். ஐஸ்லாந்தின் தென்கோடி ஊரான வீக்கில் ஒரு பெட்ரோல் பங்க். காற்று கதவோடு சேர்த்து என்னையும் இழுத்தது. இரண்டு பேரும் சேர்ந்து இழுத்துத்தான் கதவைச் சாத்த முடிந்தது. சாவியைக் கொடுக்கும்போதே வாடகை ஆபீஸ் இளைஞர் சொல்லியிருந்தார்: கதவை எப்போதும் இரண்டு கையாலும் பிடித்துத் திறக்க வேண்டும், வண்டியை நிறுத்தும்போது அதன் முகம் காற்றைப் பார்த்தபடி இருக்க வேண்டும், காற்றில் கதவு பிய்ந்தால் காப்பீட்டில் வராது. அன்றைக்குத்தான் அது மனதில் பதிந்தது.

ஜூன் மாதம், பத்து நாள், கேம்பர் வேன், நானும் அக்காவும். தீவைச் சுற்றி வரும் ஒன்றாம் எண் சாலை சுமார் 1,320 கிலோமீட்டர். ஆறு நாளில் முடித்துவிடலாம் என்பவர்கள் உண்டு. முடிக்கலாம், ஆனால் சாலையைத்தான் பார்த்திருப்பீர்கள். பத்து நாளே எங்களுக்குப் போதவில்லை.

வேனில் போனால் பிடித்த இடத்தில் நிறுத்தித் தூங்கலாம் என்று நினைத்துப் போகாதீர்கள். 2015-இல் வந்த சட்டப்படி, முகாம் மைதானங்களுக்கு வெளியே வேனில் இரவு தங்க நில உரிமையாளரின் அனுமதி வேண்டும். எனக்கு இது நியாயமாகவே பட்டது. ஏன் என்று வீக்கைத் தாண்டிய ஒரு மணி நேரத்தில் புரிந்தது.

அங்கே சாலையின் இரண்டு பக்கமும் பாசி. எல்ட்ராயின் என்ற எரிகுழம்புப் பாறைவெளி. கல் மேல் படர்ந்த பச்சை என்று நினைத்துக் குனிந்து விரலை வைத்தேன். மெத்தை மாதிரி அமுங்கியது, அடியில் கல்லே தட்டுப்படவில்லை. மழை பெய்தால் பளிச்சென்ற பச்சை, காய்ந்தால் சாம்பல் நிறம். ஒரு காலடித் தடம் மறையப் பல பத்தாண்டுகள் ஆகுமாம். விரலை எடுத்ததும் ஏதோ தப்பு செய்த மாதிரி இருந்தது.

அந்தப் பாறை 1783 ஜூன் 8 அன்று லாக்கி என்ற எரிமலைப் பிளவுகளில் வெடித்துக் கிளம்பிய எரிகுழம்பு. எட்டு மாதம் ஓடியது. குழம்பு கொன்றதைவிடப் புகை கொன்றதுதான் அதிகம். அதிலிருந்த ஃப்ளோரின் என்ற நச்சு புல்லில் படிந்து ஆடுமாடுகள் செத்தன, அப்புறம் பஞ்சம். நாட்டு மக்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் இறந்துபோனார்கள்.

பக்கத்து ஊருக்கு நீளமான பெயர், உள்ளூர்க்காரர்கள் சுருக்கி க்ளாய்ஸ்துர் என்கிறார்கள். குழம்பு ஊரை நெருங்கிய 1783 ஜூலை 20, ஞாயிற்றுக்கிழமை. பாதிரியார் யோன் ஸ்டெய்ன்கிரிம்சன் மக்களைத் தேவாலயத்துக்குள் வைத்துப் பிரசங்கம் செய்தார். முடிந்து வெளியே வந்து பார்த்தால், குழம்பு மேற்கொண்டு நகராமல் நின்றிருந்தது. அவர் நினைவாக 1974-இல் கட்டிய சிறு தேவாலயம் இப்போது அங்கே இருக்கிறது. அக்கா செருப்பைக் கழற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள். நானும் எதுவும் பேசவில்லை.

அடுத்தது ஸ்கெய்தாரார்சாந்துர், கண்ணுக்கெட்டிய வரை கறுப்பு மணல். சாலையோரம் முறுக்கிய இரும்பு உத்தரங்கள் இரண்டு கிடக்கின்றன. 1996-இல் வட்னயோகுட்ல் பனிப்பாறைக்கு அடியில் எரிமலை வெடித்தது. உருகிய நீரெல்லாம் ஒரு மாதம் போலத் தேங்கி, நவம்பர் 5 அன்று உடைத்துக்கொண்டு வந்தது. வீட்டளவு பெரிய பனிக்கட்டிகள் மோதிப் பாலத்தை அடித்துப் போயின. மிச்சம்தான் இந்த இரும்பு. அதன் வளைவைத் தடவிப் பார்த்தேன். ஈரத்துணியைப் பிழிந்த மாதிரி முறுக்கியிருந்தது.

யோகுல்சார்லோன் ஏரியில் மிதக்கும் நீலப் பனிக்கட்டிகளைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். போங்கள், ஆனால் இரவு பத்து மணிக்குப் போங்கள். வெளிச்சம் அப்போதும் இருக்கும், கூட்டம் இருக்காது. கிழக்குக் கடற்கரை முழுக்க மழை. வேனுக்குள் காஸ் அடுப்பில் சாதம் வைத்து, வீட்டுப் புளிக்காய்ச்சலைக் கலந்து சாப்பிட்டோம். ஒன்று மட்டும் கவனம்: குடிக்கக் குளிர்ந்த நீர்க் குழாயைத் திறந்து நன்றாக ஓடவிட்டுப் பிடியுங்கள், அவ்வளவு ருசியான தண்ணீர். சுடுதண்ணீர் பல ஊர்களில் பூமிக்கடியிலிருந்து வருவதால் அழுகிய முட்டை வாசம் அடிக்கும்.

வடக்கே மீவட்ன் ஏரிக்கரையில் ரேய்க்யாலீத். 1729-இல் குழம்பு இந்த ஊரின் பண்ணைகளை எரித்துவிட்டு வந்து, தேவாலயத்தை நெருங்கியதும் இரண்டாகப் பிரிந்து சுற்றிப் போனது. இப்போதுள்ள கட்டடம் 1962-இல் கட்டியது, இடம் அதேதான். கல்லறைத் தோட்டத்தின் பக்கத்திலேயே கரடுமுரடாகக் கறுப்புப் பாறை உறைந்து நிற்கிறது. ஒரு பாட்டி கல்லறை ஒன்றில் களை பிடுங்கிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு வேலையைத் தொடர்ந்தார். அந்த ஊரில் கம்பு மாதிரியான ரை தானிய ரொட்டியைப் பூமியின் சூட்டிலேயே புதைத்து ஒரு நாள் முழுக்க வேகவைக்கிறார்கள். இனிப்பாக, கேக் பதத்தில் இருந்தது. வெண்ணெய் தடவிப் பாதியை அங்கேயே தின்றுவிட்டோம்.

கடைசி நாள் வண்டியைத் திருப்பித் தரும் முன் உள்ளே கூட்டினோம். படுக்கைக்கு அடியிலும் கதவிடுக்கிலும் வீக்கின் கறுப்பு மணல். குப்பையைக் கொட்ட அக்கா பின்கதவைத் திறந்தாள். இலைகூட அசையாத காலை. இரண்டு கையாலும் இறுகப் பிடித்துத்தான் திறந்தாள்.