கோட்டைக்குப் போகும் வழியில் ரிப்பன் மாளிகை

2025 பொங்கலுக்குச் சில நாட்கள் முன்பு தேர்தல் ஆணையம் இரண்டு கட்சிகளை மாநிலக் கட்சிகளாக அங்கீகரித்தது. ஒன்று விடுதலைச் சிறுத்தைகள், இன்னொன்று நாம் தமிழர். இரண்டு பெயரும் ஒரே செய்தியில் வந்தாலும், அந்த இடத்துக்கு அவர்கள் வந்த வழி நேர் எதிரானது. சிறுத்தைகள் 2024 நாடாளுமன்றத் தேர்தலில் திமுக கூட்டணிக்குள் இருந்துகொண்டு, சிதம்பரத்திலும் விழுப்புரத்திலும் மட்டும் பானைச் சின்னத்தில் நின்று இரண்டையும் வென்றார்கள். நாம் தமிழர் யாரோடும் சேராமல் 39 தொகுதிகளிலும் நின்றது. 8 சதவீதத்துக்குச் சற்று மேல் வாக்கு வாங்கியது. ஒரு தொகுதியிலும் வெல்லவில்லை.

நான் ஓய்வு பெற்ற கணக்கு ஆசிரியை. யார் உற்சாகமாக எதைச் சொன்னாலும் எண்ணைக் கேட்பது என் பழக்கம். "திமுக, அதிமுக இரண்டுக்கும் மாற்று வந்துவிட்டது" என்று ஒவ்வொரு தேர்தலுக்கு முன்பும் யாராவது சொல்கிறார்கள். எண்கள் வேறு மாதிரி இருக்கின்றன. 1996-ல் மதிமுக 5.8 சதவீதம் வாங்கியது. உறுப்பினர் யாரும் இல்லை. 2006-ல் தேமுதிக 8.4 சதவீதம், விருத்தாசலத்தில் விஜயகாந்த் ஒருவர் மட்டும் வென்றார். 2016-ல் தனித்து நின்ற பாமகவுக்கு 5 சதவீதத்துக்கு மேல் கிடைத்தும் சட்டமன்றத்தில் இடமில்லை. 2021-ல் நாம் தமிழர் 6.6 சதவீதம், அதற்கும் பூஜ்யம்.

இதைப் பார்த்து "மக்கள் மாற்றத்தை விரும்பவில்லை" என்று சொல்கிறவர்களையும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 1977-ல் நான்கு முனைப் போட்டி நடந்தது. எம்.ஜி.ஆரின் அதிமுக 30 சதவீத வாக்கில் 130 இடங்களைப் பிடித்து ஆட்சிக்கு வந்தது. காங்கிரசும் ஜனதாவும் தனித்தனியாக நின்று வாங்கிய வாக்குகளைக் கூட்டினால் 34 சதவீதம் வரும். இருவருக்கும் சேர்த்துக் கிடைத்தது 37 இடங்கள். தொகுதியில் அதிக வாக்கு வாங்கியவரே வெல்லும் இதே முறைதான் பிரிட்டனிலும். அங்கே 2024-ல் சீர்திருத்தக் கட்சி 14 சதவீத வாக்குடன் 5 இடங்கள் பெற்றது. லிபரல் டெமாக்ரட்டுகள் 12 சதவீதத்தில் 72 இடங்களை எடுத்துக்கொண்டார்கள். குறைந்த வாக்கில் பதினான்கு மடங்கு இடங்கள்! வெல்லக்கூடிய தொகுதிகளை முன்கூட்டியே பொறுக்கியெடுத்து, ஆட்களையும் பணத்தையும் அங்கே குவித்தார்கள். மற்ற இடங்களில் பெயருக்கு நின்றார்கள்.

நம் கட்சிகள் இதைச் செய்வதில்லை. "234 தொகுதியிலும் தனித்துப் போட்டி" என்பது இங்கே வீரத்தின் அளவுகோல். ஆனால் அவர்களை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. விதிகளே அந்தப் பக்கம்தான் தள்ளுகின்றன. இடம் எதுவும் வெல்லாவிட்டாலும் மாநிலம் முழுவதும் 8 சதவீதம் வாங்கினால் அங்கீகாரம் உண்டு என்ற விதி 2011-ல் வந்தது. பத்துத் தொகுதிகளில் மட்டும் நின்றால் அந்த 8 சதவீதம் எப்படி வரும்? அங்கீகாரம் இல்லாவிட்டால் நிலையான சின்னம் இல்லை. வேட்புமனுவில் அங்கீகரிக்கப்பட்ட கட்சியின் வேட்பாளருக்கு ஒருவர் முன்மொழிந்தால் போதும், மற்றவர்களுக்குப் பத்துப் பேர் வேண்டும். வாக்கு இயந்திரத்தில் அங்கீகரிக்கப்பட்ட கட்சி வேட்பாளர்களின் பெயர்கள் முதலில் வரும். மற்றக் கட்சிக்காரர்கள் அதற்குக் கீழே, சுயேச்சைகளுக்கு மேலே. பெரிய பட்டியலாக இருந்தால் வயதானவர்கள் விரலை வைத்துக்கொண்டு தேடுவதை நான் பார்த்திருக்கிறேன். ஆக, அங்கீகாரம் வேண்டுமென்றால் பரவ வேண்டும், இடம் வேண்டுமென்றால் குவிய வேண்டும். இளம் கட்சி இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு, சின்னத்தைக் காப்பாற்றுவதற்காகவே ஒரு தேர்தல் முழுவதையும் செலவழித்துவிடுகிறது.

வேலையில் இருந்த காலத்தில் தேர்தல் பணிக்கு என்னையும் அனுப்பினார்கள். வாக்குச்சாவடித் தலைமை அலுவலராக உட்கார்ந்தால், கட்சிகளைப் பற்றி மேடையில் தெரியாத பல விஷயங்கள் தெரியும். விடியும் முன்பே மாதிரி வாக்குப்பதிவு. இரண்டு பெரிய கட்சிகளின் ஏஜெண்டுகளும் குளித்து, விபூதியோ பொட்டோ வைத்து, நியமனப் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பார்கள். வெளியே ஒருவரை ஒருவர் திட்டிக்கொள்கிறவர்கள் உள்ளே ஒரே பொட்டலத்து இட்லியைப் பங்கு போட்டுக்கொள்வார்கள். (எனக்கும் நீட்டுவார்கள். விதிப்படி நான் வாங்கக் கூடாது. பசி விதி அறியாது என்றாலும் வாங்கியதில்லை.) வருகிற ஒவ்வொருவரையும் அவர்களுக்கு முகம் தெரியும். "வாங்க பெரியம்மா, மருமகள் வரவில்லையா?" என்று கேட்டுக்கொண்டே பட்டியலில் கோடு போடுவார்கள். மதியம் மூன்று மணிக்கு, எந்தத் தெருவில் எந்த வீட்டுக்காரர் இன்னும் வரவில்லை என்ற துண்டுச் சீட்டு வெளியே போகும். அரை மணி நேரத்தில் அந்த வீட்டுக்காரர் வந்து வரிசையில் நிற்பார்.

மூன்றாவது கட்சியின் நாற்காலி பெரும்பாலும் காலியாக இருக்கும். ஒரு முறை ஒரு பையன் எட்டு மணிக்கு மேல் மூச்சு வாங்க ஓடி வந்தான். நல்ல பையன், பொறியியல் படித்தவன். அவனிடம் வாக்காளர் பட்டியல் இல்லை. உள்ளே வருகிறவர்கள் யாரென்றும் தெரியவில்லை. வாக்குப்பதிவு முடிந்ததும், பதிவான வாக்குகளின் கணக்கு எழுதிய 17சி படிவத்தின் நகலை ஏஜெண்டுகளுக்குக் கொடுக்க வேண்டும். எண்ணிக்கை நாளில் சந்தேகம் வந்தால் கையில் இருக்கும் ஒரே ஆதாரம் அதுதான். அவன் அதை வாங்காமலேயே கிளம்பிவிட்டான். அது என்னவென்றே யாரும் அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. அவன் தலைவர் அந்த மாதம் முழுவதும் தொலைக்காட்சியில் "அடுத்த முதல்வர் நான்தான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். 2024 தேர்தலில் தமிழ்நாட்டில் அறுபத்தெட்டாயிரத்துக்கும் மேல் வாக்குச்சாவடிகள் இருந்தன. அந்த நாற்காலிகளில் உட்கார ஆள் இல்லாதவருக்குக் கோட்டை நாற்காலி எதற்கு?

திரை நட்சத்திரங்கள் கட்சி தொடங்கும்போதெல்லாம் எம்.ஜி.ஆர். உதாரணம் வந்துவிடும். 1972 அக்டோபரில் அவர் கட்சி தொடங்கியபோது அது புதிய கட்சி இல்லை. திமுகவின் கிளைகள் பலவும், ஊர் ஊராக இருந்த மன்றங்களும் அவரோடு வந்தன. ஏழே மாதத்தில் திண்டுக்கல் இடைத்தேர்தலில் மாயத்தேவர் இரட்டை இலையில் வென்றது அதனால்தான். முகத்தை மட்டும் பார்த்துவிட்டு அதன் பின்னால் இருந்த கிளைகளை மறந்தால், 2021-ல் கோவை தெற்கில் 1,728 வாக்கில் தோற்ற கமல்ஹாசனின் கதைதான். அன்று சென்னையிலும் சில தொகுதிகளில் மூன்றாம் இடம் வந்த மக்கள் நீதி மய்யம், 2024-ல் போட்டியிடாமல் திமுகவை ஆதரித்தது.

உண்மையில் பார்க்க வேண்டிய உதாரணம் திமுகதான். எனக்கு அக்கட்சி மேல் இன்று பெரிய பிரியம் கிடையாது. ஆனால் அவர்கள் ஏறிய படிக்கட்டை மறுக்க முடியாது. 1949-ல் ராயபுரம் ராபின்சன் பூங்காவில் தொடக்கம். ஏறக்குறைய எட்டு ஆண்டுகள் பொதுத் தேர்தலில் நிற்கவில்லை. 1957-ல் அங்கீகாரம்கூட இல்லாமல் நின்று 15 இடங்கள். 1959-ல் சென்னை மாநகராட்சியின் 100 இடங்களில் 45 இடங்களை வென்று அ.பொ. அரசு மேயரானார். அந்த வெற்றிக்காக அண்ணா மேடையில் கருணாநிதிக்கு மோதிரம் போட்ட கதையை அவர்கள் இன்றும் சொல்கிறார்கள். 1962-ல் 50 இடங்கள். 1967-ல்தான் ஆட்சி. அதில் அரிசிப் பஞ்சம், 1965 மொழிப் போராட்டம், ராஜாஜியின் சுதந்திராக் கட்சியோடு கூட்டணி எல்லாம் சேர்ந்திருந்தன, சரி. ஆனால் பூந்தமல்லி நெடுஞ்சாலையில் கோட்டையை நோக்கிப் போகும் பஸ், மாநகராட்சி இருக்கும் ரிப்பன் மாளிகையைக் கடந்துதான் போகிறது. இந்தப் பாதையைத்தான் இன்றைய மூன்றாம் கட்சிகள் பறந்து தாண்டப் பார்க்கின்றன.

அவர்களுக்கு அந்த நிறுத்தத்தில் இறங்க வாய்ப்பு தராமல் வைத்திருந்ததும் உண்மை. சென்னையில் 2016 அக்டோபரில் கவுன்சிலர்களின் பதவிக்காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரியில். நடுவில் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் இவ்வளவு பெரிய நகரத்தில் மக்கள் தேர்ந்தெடுத்த வார்டு உறுப்பினர் ஒருவர்கூட இல்லை. 2016 டிசம்பரிலேயே வர்தா புயல் வந்தது. எங்கள் பெரம்பூர்த் தெருவில் தூங்குமூஞ்சி மரம் குறுக்கே விழுந்து, மின்சாரம் போய், யாரிடம் போய்ச் சொல்வது என்று தெரியாமல் நாங்களே கயிறு கட்டி இழுத்தோம். தேர்தல் நடந்திருந்தால், சின்னக் கட்சிக்காரர் ஒருவர் அந்தக் கயிற்றின் ஒரு முனையைப் பிடித்தே வார்டை வென்றிருப்பார்.

2022-ல் ஒருவழியாகத் தேர்தல் வந்தது. 200 வார்டுகளில் திமுக மட்டும் 153. அதிமுக 15. மாற்று அரசியல் பேசிய மக்கள் நீதி மய்யமும் நாம் தமிழரும் ஒரு வார்டும் வெல்லவில்லை. அதே தேர்தலில் ஐந்து சுயேச்சைகள் வென்றார்கள்! கட்சி, மாநாடு, சின்னத்தின் பெருமை எதுவும் இல்லாத ஐந்து பேரால் வார்டைப் பிடிக்க முடிந்தபோது, மாநிலம் முழுக்கக் கொடி வைத்திருக்கும் கட்சிகளுக்கு என்ன ஆயிற்று?

கூட்டணியில் சேர்வது குறுக்கு வழி என்று சிலர் சொல்வார்கள். எல்லாக் கூட்டணியும் ஒன்றல்ல. 2011-ல் தேமுதிக அதிமுகவோடு சேர்ந்து 29 இடங்கள் பெற்றது, விஜயகாந்த் எதிர்க்கட்சித் தலைவரானார். பதவிக்காலம் முடிவதற்குள் உறுப்பினர்கள் சிலர் கழன்றுபோய் அந்தப் பதவியும் போனது. 2016-ல் அவரே உளுந்தூர்பேட்டையில் டெபாசிட் இழந்தார். 2021-ல் மதிமுக ஆறு இடங்களிலும் உதயசூரியனில் நின்றது. சிறுத்தைகள் அதே கூட்டணியில் பானையை விடவில்லை. 2025-ல் அங்கீகாரம் யாருக்குக் கிடைத்தது என்று பார்த்தால் போதும்.

தேர்தல் முறையையே மாற்ற வேண்டும் என்ற பேச்சும் பழையது. சட்ட ஆணையம் 1999-லேயே தனது 170ஆவது அறிக்கையில் கலப்பு முறையைப் பரிந்துரைத்தது: நேரடித் தொகுதிகளோடு, கட்சிகள் வாங்கும் வாக்கு விகிதத்துக்கு ஏற்பவும் சில இடங்கள். நியாயமான யோசனை. ஆனால் இப்போதைய முறையில் வென்றவர்கள்தான் அதை மாற்ற வேண்டும். பக்கத்தில் இலங்கையில் விகிதாசார முறை இருக்கிறது. 2020-ல் தேசிய மக்கள் சக்தி 4 சதவீதத்துக்கும் குறைவான வாக்கில் 225-ல் 3 இடங்கள் பெற்றது. 2022 பொருளாதாரச் சரிவின்போது நாடாளுமன்றத்தில் நின்று பேச அவர்களிடம் மூன்று பேர் இருந்தார்கள். 2024 நவம்பரில் அவர்களுக்கு 159 இடங்கள். இங்கே 8.4 சதவீதம் வாங்கிய கட்சிக்கு ஒருவர், 6.6 சதவீதத்துக்கு யாரும் இல்லை என்பதைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

எதிர்வீட்டுப் பையன் 2024-ல் தொடங்கிய புதுக் கட்சி ஒன்றில் சேர்ந்திருக்கிறான். அந்த ஆண்டு அக்டோபரில் விக்கிரவாண்டியில் நடந்த அதன் மாநாட்டுக்குப் போய்விட்டு வந்து, "டீச்சர், கூட்டத்தைப் பார்த்தீர்களா?" என்று கேட்டான். "பார்த்தேன். நம் வார்டில் எத்தனை வாக்குச்சாவடி?" என்றேன். தெரியவில்லை. "மழைநீர்க் கால்வாய் எந்தத் தெருவோடு நிற்கிறது?" அது தெரிந்தது; அவன் வீட்டு வாசலில்தான் தண்ணீர் நிற்கிறது. பிழைத்துக்கொள்வான் என்று தோன்றியது.

2025 ஜனவரி 6ஆம் தேதி இறுதி வாக்காளர் பட்டியல் வெளியானது. எங்கள் தெரு வருகிற பாகத்தை இணையத்திலிருந்து எடுத்து, கடையில் அச்சிட்டு அவனிடம் கொடுத்தேன். இறந்தவர்கள் பெயர், வீடு மாறிப் போனவர்கள் பெயர், பதினெட்டு முடிந்தும் சேராத பிள்ளைகள் என்று மூன்று நிறத்தில் குறித்துக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன். மாநகராட்சியின் பதவிக்காலம் 2027 தொடக்கத்தில் முடிகிறது. "கட்சியில் பொறுப்பு எதுவும் தரவில்லையே டீச்சர்" என்றான். பட்டியலில் பென்சில் போடப் பொறுப்பு எதற்கு என்று கேட்டு அனுப்பிவைத்தேன். நேற்று அவன் அம்மா வந்து, எங்கள் பிள்ளை என்ன, வீடு வீடாகக் கதவைத் தட்டுகிறானாமே, சென்சஸ் வேலை ஏதும் கிடைத்திருக்கிறதா என்று விசாரித்துவிட்டுப் போனார்.